கோழி முட்டை இங்கே கிடைக்காது

எங்கள் குடும்பத்தில் இணையதளம் ஆரம்பித்த முதல் ஆள் நான்தான். என் கணவர் அதை இன்றுவரை "உன் சைட்டு" என்றுதான் சொல்வார். அதனால் வந்த முதல் குழப்பம், அரியலூரில் இருக்கும் என் நாத்தனார் அதை மனை என்று நினைத்துக்கொண்டது. "பெரம்பலூர்ல சைட்டு போட்டிருக்கியாமே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல? எத்தனை சென்ட்டு?" என்று போன் போட்டுக் கேட்டார். அது நிலம் இல்லை, கம்ப்யூட்டரில் இருப்பது என்று நான் விளக்கி முடித்ததும், "சரி சரி, பத்திரம் ஆனதும் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

நான் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் புவியியல் டீச்சர். கணவருக்கு அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால், சாயங்காலம் புருவத்தில் வெள்ளைத் தூசியோடு இறங்குவார். எங்கள் இரண்டு மாவட்டங்களும் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தவை. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் எங்கள் வீட்டுச் சம்பளமும் அதனால் வந்ததுதான். இங்கே வயலை உழுதால் நத்தை மாதிரி சுருண்ட கல் வரும். சாத்தனூரில் ஒரு மரம் முழுசாகக் கல்லாகிப் படுத்திருக்கிறது. அரியலூர்ப் பக்க ஓடைகளில் டைனோசர் முட்டை கிடைத்திருக்கிறது. இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள், "பரீட்சைக்கு வருமா மிஸ்?" என்பார்கள். வராது என்றதும் பேனாவை மூடிவிடுவார்கள். அந்த ஆத்திரத்தில் ஆரம்பித்ததுதான் சைட்டு. பரீட்சைக்கு வராத விஷயங்களை மட்டும் எழுதுவது என்று முடிவெடுத்து, ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதினேன்.

எழுதியது ஒரு வேலை. அதை யாராவது படிக்கிறார்களா என்று பார்ப்பது அதைவிடப் பெரிய வேலையாக ஆனது. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. தினமும் பெரம்பலூரிலிருந்து ஒருவர் வருவார், அது நான். அரியலூரிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வருவார், அது என் கணவர். ஒரு நாள் சிங்கப்பூரிலிருந்து ஒரே நேரத்தில் எல்லாப் பக்கங்களையும் யாரோ படித்திருந்தார்கள். அன்றைக்குக் கேசரி செய்தேன். யாரோ ஒரு தமிழர், ஊர் ஞாபகத்தில் ஒரே மூச்சாகப் படித்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். அது மனிதர் இல்லை, உலகத்தில் இருக்கிற எல்லாச் சைட்டையும் மேய்ந்துவிட்டுப் போகிற மெஷின் என்று பிறகுதான் எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் சார் சொன்னார். கேசரி அதற்குள் தீர்ந்துவிட்டிருந்தது.

அவர்தான் எனக்கு இந்தத் தேடல் விவகாரத்தையும் விளக்கினார். யாராவது நெட்டில் ஒரு விஷயத்தைத் தேடும்போது யாரை முதலில் காட்டுவது என்று தேடுபொறி முடிவு செய்கிறது. யாருடைய சைட்டைப் பற்றி நாலு பேர் பேசுகிறார்களோ, யார் பக்கத்துக்கு மற்றவர்கள் இணைப்புக் கொடுக்கிறார்களோ, அவருக்கு மரியாதை. கல்யாண வீட்டில் பத்துப் பேரோடு வருகிற பெரியமனிதருக்கு முதல் பந்தியில் இலை போடுவார்களே, அப்படி. தனியாக வந்து தூணோரம் நிற்கிற என்னைப் போன்றவர்களுக்குக் கடைசிப் பந்திதான்.

"நீங்க எந்தப் பந்தின்னு பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

பார்த்தேன். பெரம்பலூரில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று தேடினேன். முதல் பக்கத்தில் இல்லை, இரண்டாவதில் இல்லை. கட்டைவிரல் வலிக்கிற வரைக்கும் தள்ளிக்கொண்டே போனபின் எங்கோ கிணற்றின் அடியில் கிடந்தேன். என்னைவிட மேலே, எல்லோருக்கும் மேலே, ஒரு பெரிய பயண சைட்டு இருந்தது. அதில் தலைப்பு: பெரம்பலூரின் பத்து சிறந்த கடற்கரைகள்.

நான் போனை என் கணவரிடம் நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "தப்பா போடலையே. கொஞ்சம் லேட்டா போட்டிருக்கான், அவ்ளோதான்" என்றார்.

"சிரிக்காதீங்க. கடல் இருந்துச்சுன்னு எழுதின நான் எங்கயோ கெடக்கேன். இப்ப இருக்குன்னு எழுதினவன் மொதல்ல நிக்கிறான்."

"அவன் ரூமும் குடுக்கிறானே, கடல் பாத்த மாதிரி."

நிஜமாகவே கீழே அறை வாடகைக்கு விளம்பரம் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அவர் ஆபீஸிலிருந்து பரபரப்பாகக் கூப்பிட்டார். "உன் சைட்டு மொதல்ல வருது!" ஸ்க்ரீனைப் படம் பிடித்தும் அனுப்பினார். நிஜம்தான். என் பக்கம், என் தலைப்பு, எல்லோருக்கும் மேலே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் என் போனில் தேடினால் அதே கிணற்றடி. இரண்டு நாள் குழம்பிய பிறகு விஷயம் விளங்கியது. அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது வேறொரு தேடுபொறி. மெஷின் வாங்கும்போதே கூட வந்தது, யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். ஊரே உபயோகிக்கிற பெரிய தேடுபொறியில் நான் ஆளில்லை. ஊரில் யாருமே உபயோகிக்காத அந்தச் சின்னதில் நான்தான் ராணி.

இதற்கு ஒரே வழிதான் இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஊரை மாற்றிவிட வேண்டும்.

அப்போதுதான் நாத்தனாரின் பேத்திக்குத் திருமழபாடியில் காதுகுத்து வந்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் போய், "போனைக் குடுங்க சித்தப்பா, வேகமா வேலை செய்யிற மாதிரி மாத்தித் தரேன்" என்று வாங்கி, தேடுபொறியை மாற்றிக் கொடுத்தேன். மொட்டை அடித்துக்கொண்டிருந்த குழந்தையின் அப்பாவைக்கூட விடவில்லை. அவருக்கு இரண்டு கையும் பிள்ளையைப் பிடிப்பதில் இருந்ததால் நானே அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாற்றிவிட்டுத் திரும்ப வைத்தேன். பிரியாணி இல்லாத விசேஷத்தில் எனக்கு வேறென்ன வேலை.

"இதனால எனக்கு என்ன லாபம்?" என்று ஒரு மாமா கேட்டார்.

"பெரம்பலூர்னு தேடினா என் சைட்டு மொதல்ல வரும் மாமா."

"நான் பெரம்பலூர்லதானே இருக்கேன். எதுக்குத் தேடணும்?"

ஆனாலும் மாற்றித்தான் கொடுத்தேன்.

ஒரு வாரம் தாங்கியது என் ராஜ்ஜியம். அந்தத் தேடுபொறிக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும் என்பதை நான் கவனிக்கவில்லை. நாத்தனார் வெண்டைக்காயை வைத்து ஏதோ வைத்தியக் குறிப்பு தேடியிருக்கிறார். அது வெண்டைக்காயை உள்ளுக்குள் இங்கிலீஷில் லேடீஸ் ஃபிங்கர் என்று மாற்றி, அந்த இங்கிலீஷைத் திரும்பத் தமிழில் மாற்றி, பெண்கள் விரல் வீக்கத்துக்குச் சிகிச்சை தரும் டாக்டர்கள் என்று வரிசையாகக் காட்டியிருக்கிறது. நாத்தனார் தன் விரல்களைப் பார்த்திருக்கிறார். மோதிரம் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றியிருக்கிறது. மறுநாளே டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். விரலில் ஒன்றும் இல்லை, உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் அனுப்பியிருக்கிறார்.

"என் போன்ல நீ என்ன பண்ணுன?" என்று நாத்தனார் கேட்ட குரலை நான் இங்கே எழுத்தில் கொண்டுவர முடியாது. அந்த வாரக் கடைசிக்குள் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளாளுக்குப் பழையபடி மாற்றிக்கொண்டார்கள். என் கணவரின் ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் எனக்கு விசுவாசமாக இருந்தது.

சரி, பெரிய இடத்திலேயே போட்டி போடுவோம் என்று இறங்கினேன். நெட்டில் இதைச் சொல்லிக்கொடுக்கிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். ஜனங்கள் எப்படிக் கேட்கிறார்களோ அப்படியே தலைப்பு வையுங்கள், கேள்வியாக வையுங்கள், ஊர்ப் பெயரைச் சேருங்கள், முக்கியமான வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். என் பக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது டைனோசர் முட்டைப் பக்கம். அதை எடுத்து மொத்தமாக மாற்றி எழுதினேன். தலைப்புகள் இப்படி இருந்தன: "அரியலூரில் முட்டை எங்கே கிடைக்கும்?" "பெரம்பலூர் முட்டை எவ்வளவு பெரியது?" "ஒரு முட்டை என்ன எடை இருக்கும்?" "முட்டைக்கு விலை சொல்ல முடியுமா?" டைனோசர் என்ற சொல்லை ஒவ்வொரு இடத்திலும் போட்டால் நீளமாகிறது என்று முதல் வரியில் மட்டும் வைத்துவிட்டு மற்ற இடங்களில் எடுத்துவிட்டேன். தொடர்புக்கு என்று கடைசியில் ஒரு போன் நம்பரும் வைக்க வேண்டும் என்றார்கள். பொம்பளை நம்பர் வேண்டாம் என்று என் கணவர் தன் நம்பரையே கொடுத்தார்.

முதல் அழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. நான் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் கூடத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நெட்டுல பாத்துட்டுப் பேசுறேங்க. முட்டை விஷயமா."

அவர் என்னைப் பார்த்துக் கை காட்டினார். வாசகர்! நான் கரண்டியோடு ஓடி வந்தேன்.

"சொல்லுங்க, சொல்லுங்க. என்ன தெரியணும்?" என்றார் பெருமையாக.

"இப்ப இருக்குங்களா?"

"இருக்குங்க. ஓடைப் பக்கம் போனா பாக்கலாம்."

"ஓடைப் பக்கமா? சரிங்க. புது முட்டைங்களா, பழசா?"

"எல்லாம் பழசுதாங்க."

"எவ்ளோ நாளாச்சுங்க?"

"ஆறு கோடி வருஷத்துக்கு மேல இருக்குங்க."

அந்தப் பக்கம் பின்னால் யாரிடமோ ஏதோ கேட்கும் குரல் வந்தது. பிறகு, "அப்ப கூமுட்டையால்ல போயிருக்கும்?" என்றார்.

"கல்லாவே போயிருச்சுங்க."

"கல்லாயிட்டதை எப்புடிங்க விக்கிறீங்க? நாங்க பேக்கரி வச்சிருக்கோம் சார், கேக்குக்கு வேணும்."

அதோடு போனை வைத்துவிட்டார். இட்லிப் பானை அடிப்பிடிக்கிற வாசனை வந்ததும்தான் நான் அடுப்பங்கரைக்கு ஓடினேன். திரும்பி வந்து போனில் "பெரம்பலூர் முட்டை" என்று தேடிப் பார்த்தேன். முதல் இடம். "அரியலூர் முட்டை", முதல் இடம். "முட்டை மொத்த விலை", அதிலும் நான்தான் முதல். கடல் விஷயத்தில் கிணற்றடியில் கிடந்தவள், முட்டை விஷயத்தில் இரண்டு மாவட்டத்துக்கும் முதலாவதாக வந்திருந்தேன்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில்கூட எதிலும் முதலாவதாக வந்ததில்லை. அவருக்கு அதைவிடச் சந்தோஷம். ஆலையின் சுரங்கத்தில் கல்லுக்கு வெடி வைக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் முட்டை போன்தான். மெஸ் வைத்திருக்கிறவர்கள், ஹாஸ்டல் வார்டன், பரோட்டாக் கடைக்காரர்கள் எல்லோரும் பேசினார்கள். அவர் ஒருவரையும் கடிந்துகொள்ள மாட்டார். முட்டை இல்லை என்று சொல்லிவிட்டு, வந்ததுதான் வந்தீர்கள் என்று கடல் எப்படி உள்வாங்கியது என்பதையும் சொல்லித்தான் அனுப்புவார். ஜெயங்கொண்டத்துப் பரோட்டாக் கடைக்காரர் ஒருவர் அடுப்பில் கல்லைப் போட்டுவிட்டுப் பொறுமையாகக் கேட்டு, "அப்ப நம்ம கடை இருக்கிற எடமும் தண்ணிதானுங்களா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றதும், "அதான் சுவத்துல ஓதம் ஏறுது" என்றாராம்.

இப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, அறுபது வயதை ஒட்டிய ஒருவர் இறங்கினார். வாசலில் நின்றபடியே வலது பக்கமும் இடது பக்கமும் பார்த்தார். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் கூப்பிட்டார்.

"முட்டை சார் வூடு இதுதானுங்களா?"

இதுதான் என்று சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே வாருங்கள் என்றேன். அவர் அரியலூரில் முட்டை மொத்த வியாபாரம் செய்கிறவர். சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. வெகுகாலம் துபாயில் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். ஊரில் எல்லோரும் முட்டை பாய் என்பார்கள். துபாயில் இருக்கும் மருமகன் அங்கிருந்தே அவருக்கு ஒரு சைட்டு செய்து கொடுத்திருக்கிறார். இத்தனை நாளும் அதுதான் முதலில் வந்துகொண்டிருந்ததாம்.

"மருமவன் துபாய்லேர்ந்து போன் போடுறார், மாமா, நாம ரெண்டாவதா போயிட்டோம், யாரோ பெரம்பலூர்ப் பார்ட்டி புதுசா எறங்கியிருக்கான், பெரிய கையா இருக்கும்னு. அதான் குடோனைப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார். மறுபடி சுற்றிப் பார்த்தார். "கோழிப் பண்ணை எங்க டீச்சரம்மா?"

"கோழியே இல்ல பாய்."

"வாங்கி விக்கிறீங்களா?"

"விக்கவே இல்ல பாய்."

அவர் முகத்தில் பயம் தெரிந்தது. கோழியும் இல்லாமல், விற்கவும் செய்யாமல் ஒருவன் முட்டை வியாபாரத்தில் முதல் இடத்துக்கு வந்துவிட்டான் என்றால், அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருப்பான் என்று யோசித்திருப்பார் போல.

என் கணவர் வந்ததும் விஷயத்தை முழுவதுமாகச் சொன்னோம். அலமாரியிலிருந்து ஒரு உருண்டைக் கல்லை எடுத்துப் பாய் கையில் கொடுத்தேன். அது நிஜ முட்டை இல்லை, வெறும் உருண்டைக் கல்தான். நிஜ முட்டையை எல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அளவு காட்டுவதற்காக வைத்திருந்தேன். பாய் அதை வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார். தினம் ஆயிரம் முட்டையை அப்படிப் பார்க்கிற கை, தானாகவே தூக்கிவிட்டது. பிறகு காதோரம் வைத்துக் குலுக்கினார்.

"இது எப்பவோ மவுத்தாயிடுச்சே டீச்சரம்மா" என்றார், இறந்துபோன மனிதரைச் சொல்வதுபோல. நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

டீ குடித்தபின் பாய் விஷயத்துக்கு வந்தார். "உங்க மேல குத்தம் சொல்ல வரல. ஆனா பேக்கரிக்காரன் உங்களுக்குப் போன் போட்டுட்டு, கல்லு முட்டை குடுக்கிறாங்கன்னு கோவிச்சுக்கிட்டு நாமக்கல்லுக்கே நேரா போயிட்டான். நமக்குப் பொழப்பு இது. கொஞ்சம் எறங்கிக்கோங்களேன்."

நியாயமான கோரிக்கைதான். பஸ்ஸில் சீட்டு மாறி உட்கார்ந்துவிட்டவரை எழுந்திருக்கச் சொல்வதுபோல மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் இறங்குவது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஏறுவதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. இறங்குவதற்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து, பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு வைத்தேன். "கோழி முட்டை இங்கே கிடைக்காது. நாட்டுக்கோழி முட்டை, வாத்து முட்டை, காடை முட்டை, வான்கோழி முட்டை எதுவும் மொத்தமாகவோ சில்லறையாகவோ இங்கே விற்கப்படுவதில்லை." யாரும் குழம்பக் கூடாது என்பதற்காக அதையே நடுவிலும் கடைசியிலும் இன்னொரு முறை போட்டேன்.

அடுத்த வாரம் பாய் போன் போட்டார். குரல் தளர்ந்திருந்தது.

"டீச்சரம்மா, காடையிலயும் மொதல்ல வந்துட்டீங்க."

"என்ன பாய் சொல்றீங்க?"

"வாத்துலயும்தான். வான்கோழி நான் விக்கிறதில்ல, அதனால பரவால்ல."

இல்லை இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, இவ்வளவு முட்டையைப் பற்றிப் பேசுகிறாளே, பெரிய வியாபாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று தேடுபொறி முடிவு செய்துவிட்டது. மெஷினுக்கு முட்டை என்பது தெரிகிறது, கிடைக்காது என்பது தெரியவில்லை.

பதறிப்போய் முட்டை என்ற வார்த்தையையே எடுத்துவிட்டு, எல்லா இடத்திலும் உருண்டை என்று மாற்றினேன். டைனோசர் உருண்டை, அரியலூர் உருண்டை, உருண்டை எங்கே கிடைக்கும். அதற்கு மறு வாரம் பூலாம்பாடியிலிருந்து ஒரு அம்மா பேசினார். பெண்ணுக்கு வளைகாப்பு, பொரி உருண்டையும் கடலை உருண்டையும் வேண்டும், வெல்லம் முற்றிய பாகாகப் போடுவீர்களா என்று கேட்டார். என் கணவர், "பாகு எல்லாம் நல்லாவே இறுகியிருக்கும்ங்க, உடைக்கச் சுத்தியல் வேணும்" என்று சொல்லி, நான் முறைத்த பிறகுதான் உண்மையைச் சொன்னார். நான் மறுபடி முட்டை என்றே மாற்றிவிட்டேன். உருண்டைக்காரர்கள் யாராவது வந்துவிட்டால் அவர்களுக்கும் டீ போட வேண்டும்.

கடைசியில் வழி சொன்னது பாயின் மருமகன்தான். துபாயிலிருந்து வீடியோவில் வந்து, மிகவும் மரியாதையாக, "மாமி, நீங்க எறங்க வேணாம். எங்களைக் கைகொடுத்து ஏத்திவிடுங்க போதும்" என்றார். என் பக்கத்தின் தொடக்கத்தில், சாப்பிடும் முட்டை வேண்டும் என்றால் இங்கே போங்கள் என்று பாயின் சைட்டுக்கு ஒரு இணைப்பு. அவர்கள் சைட்டில், கல் முட்டையைப் பற்றிப் படிக்க வேண்டும் என்றால் இங்கே போங்கள் என்று எனக்கு ஒரு இணைப்பு. அதாவது ஒருவரையொருவர் பந்திக்குக் கூப்பிட்டுக்கொள்வது.

இது வேலை செய்தது. கொஞ்ச நாளில் பாய் முதலாவதாகவும் நான் இரண்டாவதாகவும் ஆனோம். அவர் ஒரு அட்டை முட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் வருகிறவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தபோது வருத்தம் போய்விட்டது. முட்டை விலை பார்க்க வந்தவர்களில் கொஞ்சம் பேர் என் பக்கத்துக்கும் வந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து, செந்துறையிலிருந்து, வாலிகண்டபுரத்திலிருந்து. மெஷின் இல்லை, மனிதர்கள்தான், ஏனென்றால் நடுவிலேயே நிறுத்திவிட்டுப் போய் சாப்பிட்டபின் திரும்பி வந்து படித்திருந்தார்கள்.

இரண்டு பேரும் நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் தேடுபொறி புதிதாக ஒன்று ஆரம்பித்தது. நாம் தேடியதும் சைட்டுகளைக் காட்டுவதற்கு முன்னால், அதுவே எல்லாவற்றையும் படித்து, மேலே ஒரு கட்டத்துக்குள் பதிலை எழுதிக் கொடுத்துவிடும். கீழே போக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு காலையில் பாய் எனக்கு ஒரு படம் அனுப்பினார், கூடவே ஒரு குரல் செய்தி. அதில் "யா அல்லா" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

கட்டத்துக்குள் தெளிவான, அழகான தமிழில் இப்படி இருந்தது: அரியலூரில் முட்டைகள் மொத்த விலையில் கிடைக்கின்றன. இவை ஆறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. உடைப்பதற்கு வல்லுநர் உதவி அவசியம்.

எங்கள் இருவரின் சைட்டையும் இணைப்பு வைத்து நாங்களே கட்டிவைத்தோம் அல்லவா, தேடுபொறி இரண்டையும் ஒன்றாகக் கலக்கிவிட்டது.

அன்று சாயங்காலமே பாய் தன் மனைவியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த அம்மா இதுவரை என்னைப் பார்த்ததில்லை. உள்ளே வந்ததும் முதல் வார்த்தையாக, "எங்க, அந்தக் கல்லைக் காட்டுங்க" என்றார். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டத்துக்கு அடியில், பதில் சரியில்லை என்றால் அமுக்குவதற்குக் கட்டைவிரல் கீழ்நோக்கிய ஒரு படம் உண்டு. நாங்கள் நான்கு பேரும் அவரவர் போனில் அதை அமுக்கினோம். நாத்தனாருக்கும் போன் போட்டு அமுக்கச் சொன்னேன்.

"மறுபடியும் என் போனையா?" என்றார்.

"வெரலுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணி, சும்மா ஒரு தடவை."

அமுக்கினாரா இல்லையா என்று தெரியாது. எதனாலோ, சில நாள் கழித்துப் பதில் மாறியது. இப்போது, அரியலூரில் முட்டைகள் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன, வாங்குவதற்கு முன் வியாபாரியிடம் விசாரிக்கவும் என்று வருகிறது. முன்னேற்றம்தான் என்று என் கணவர் சொல்கிறார்.

பதில் மேலேயே கிடைத்துவிடுவதால் எங்கள் இருவர் சைட்டுக்கும் இப்போது வருகிறவர்கள் குறைவு. முதலாவது யார், இரண்டாவது யார் என்று நாங்கள் பார்ப்பதையும் விட்டுவிட்டோம். பாய் பழைய வழிக்கே திரும்பிவிட்டார். குட்டியானை வண்டியின் பின்பக்கம் முழுக்க வெள்ளை அடித்து, ஏதாவது எழுதிக்கொடுங்கள் டீச்சரம்மா, நீங்கள்தான் எழுதுகிறவராயிற்றே என்று என்னிடம் கேட்டார். நான் வீடியோவில் படித்ததையெல்லாம் நினைவில் வைத்து, கேள்வியாக ஒன்று, ஊர்ப் பெயரோடு ஒன்று, என்று நிறைய எழுதிப் பார்த்தேன். பாய் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, இதுதான் ஜனங்களுக்கு இப்போது தெரிய வேண்டிய சேதி என்று அவரே ஒன்றைச் சொன்னார். பெயிண்டர் அதை மஞ்சளில் எழுதினார்.

போன வாரம் பாலக்கரை ரவுண்டானாவில் பள்ளி வேனில் உட்கார்ந்திருந்தபோது எங்களுக்கு முன்னால் அந்த வண்டி நின்றது. வேனில் இருந்த பிள்ளைகள் எழுத்துக் கூட்டி ஒரே குரலில் படித்தார்கள்: "எங்களிடம் இந்த வாரத்து முட்டை மட்டுமே." ஒரு பையன் என் பக்கம் திரும்பி, "ஏன் மிஸ், வேற எந்த முட்டையை விப்பாங்க?" என்று கேட்டான். சிக்னல் விழ நேரம் இருந்தது. கடலிலிருந்து ஆரம்பித்தேன்.